டாடர் என்னும் சிற்றாறு

அயர்லாந்துத் தீவின் கீழைக் கடற்கரையில் அமைந்துள்ளது டப்ளின் மாநகரம். அயர்லாந்துக் குடியரசின் தலைநகரம் அதுவே. நகரத்துக்குத் தெற்கே விக்லோ மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அத்தொடரின் வடபகுதியில், டப்ளின், விக்லோ என்னும் இரு மாவட்டங்களும் கூடும் எல்லையில், கிப்பூர் என்னும் மலை நிற்கின்றது. அதன் உயரம் 757 மீட்டர். இமயத்தையும் ஆல்ப்ஸையும் பற்றிப் படித்தவர்களுக்கு இவ்வுயரம் ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆயினும் அம்மலைப் பகுதியில் பிறக்கும் இரண்டு ஆறுகளின் செலவு வியப்புக்கு உரியது.

இரண்டனுள் பெரியது லிஃபி. அது பிறக்கும் இடத்திலிருந்து நேர்கிழக்கே நோக்கினால் கடல் மிக அண்மையில் உள்ளது. ஆனால் லிஃபி கடலுக்கு முதுகு காட்டி மேற்கே செல்கின்றது. கில்டேர் மாவட்டத்துச் சமவெளியில் வளைந்து திரும்பி, ஏறக்குறைய 130 கிலோமீட்டர் நடந்து, டப்ளின் நகரின் நடுவே புகுந்து கடலை அடைகின்றது. சிறியது டாடர். அதற்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. வடக்கு நோக்கி இறங்கி, வடகிழக்கே திரும்பி, ஏறக்குறைய 26 கிலோமீட்டரில் தன் பயணத்தை முடித்துக்கொள்கின்றது. அது வந்து சேரும் இடம் ரிங்ஸ்எண்ட். அங்கே லிஃபி கடலை அணுகிக்கொண்டிருக்கின்றது. அக்கை ஊரெல்லாம் சுற்றி வர, தங்கை குறுக்கு வழியில் ஓடி வந்து வாயிலில் அவளை எதிர்கொள்வது போல இரண்டு நீரும் அவ்விடத்தில் கலக்கின்றன.

இக்குறுக்கு வழியே டாடரின் இயல்பு அனைத்துக்கும் காரணம் ஆகும். மலையுச்சியை அடுத்துத் தோன்றும் நீர் 26 கிலோமீட்டருக்குள் கடல்மட்டத்துக்கு இறங்கியாக வேண்டும். அவ்வாறு இறங்கும் நீர் விரைந்து ஓடும், விரைந்து பெருகும், விரைந்து வடியும். அவ்விரைவைப் பயன்படுத்திக்கொள்ள மக்கள் முயன்றனர். அதனைத் தடுக்கவும் முயன்றனர். ஆற்றில் வாழும் உயிர்களோ அவ்விரைவோடும், அதன்பொருட்டு மக்கள் செய்த வேலைகளோடும் ஒருங்கே போராடி வாழ்ந்து வருகின்றன.

ஆறு தோன்றும் இடத்தை முதலில் காண்போம். கிப்பூர் மலை கிரானைட் என்னும் கடினமான பாறையால் ஆனது. அப்பாறையின் மேல் மண் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. மண்ணுக்குப் பதிலாக அங்கே கம்பளம் விரித்தாற்போலப் 'பீட்' என்னும் கரிய மட்குப்படலம் மூடிக் கிடக்கின்றது. ஓயாத மழையிலும் குளிரிலும் இறந்த செடிகள் முழுதும் அழுகிப்போகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் உண்டாகிய படலம் அது. அதன்மேல் 'ஹெதர்' என்னும் குறுஞ்செடி வளர்கின்றது. கோடையின் இறுதியில் அது பூக்கும்பொழுது மலை முழுவதும் ஊதா நிறம் போர்த்து நிற்கும். செடிகளின் இடையே 'ஸ்பாக்னம்' என்னும் பாசி மெத்தென்று படர்ந்திருக்கும். இப்பாசி தன் எடையைப்போலப் பலமடங்கு எடையுள்ள நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ள வல்லது.

டப்ளின் நகரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 750 மில்லிமீட்டர். கிப்பூர் மலையில் பெய்வதோ அதனைப்போல ஏறக்குறைய இருமடங்கு. இவ்வளவு மழையும் வெறும் பாறைமேல் விழுந்தால் அக்கணமே உருண்டோடிவிடும் அன்றோ? பாசியும் பீட்டும் அதனைப் பற்றி நிறுத்திச் சிறிது சிறிதாக விடுகின்றன. அவ்விடத்தில் தீ மூட்டப்பட்டாலும், விறகாக எரிப்பதற்குப் பீட்டை வெட்டி எடுத்தாலும், மலை நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழக்கின்றது. அதன் விளைவை மலைமேல் இருப்பவர் அறியார். கீழே ஆற்றங்கரையில் வீடு கட்டி வாழ்பவரே அறிவர்.

பீட்டினூடே கசிந்து வரும் நீர் தெளிவாக இருப்பினும் அதன் நிறம் பழுப்பு. பால் சேர்க்காத தேநீரின் நிறம் என்று சொன்னால் பொருந்தும். இந்நீரில் புளிப்புத்தன்மை மிகுதி. ஆதலின் உயிர்களும் உணவும் குறைவு. சிறு மீன்களும் சில பூச்சிகளுமே இங்கே காணப்படும். மேலே, ஹெதர்ச் செடிகளின் நடுவே மான்கள் மேயும். அண்டங்காக்கைகள் கரகரத்த குரலுடன் பறந்து செல்லும்.

மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஒன்றுகூடும் பள்ளத்தாக்குக்குக் கிளெனஸ்மோல் என்று பெயர். ஐரிஷ் மொழியில் அதற்குத் 'திரஷ்ப் பறவைகளின் பள்ளத்தாக்கு' என்பது பொருள். திரஷ் என்பது இனிமையாகப் பாடும் ஒரு சிறு பறவை. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் அதன் பாட்டைக் கேட்டு நின்றவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

இப்பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குகின்றது. ஐரிஷ் மக்களின் பழைய வீரர்களுள் ஒருவன் ஓஷீன். அவன் மூப்பே இல்லாத இளமை நாட்டுக்குச் சென்று மூன்று ஆண்டு தங்கியதாக எண்ணிக்கொண்டு குதிரையில் திரும்பினான். உண்மையில் கழிந்தவை முந்நூறு ஆண்டுகள். கிளெனஸ்மோலில் சில மனிதர் ஒரு பாறையைப் புரட்ட இயலாமல் வருந்துவதைக் கண்டான். குதிரையிலிருந்து இறங்கலாகாது என்பது அவனுக்கு இடப்பட்ட கட்டளை. இறங்காமலே குனிந்து பாறையைத் தூக்கினான். சேணத்தின் வார் அறுந்தது. அவன் நிலத்தில் விழுந்தான். மண்ணைத் தொட்ட அக்கணமே முந்நூறு ஆண்டு மூப்பும் அவனைப் பற்றிக்கொண்டது. இக்கதையைச் சொல்பவர்கள் இப்பள்ளத்தாக்கின் கற்களைக் காணும்பொழுதெல்லாம் ஓஷீனை நினைவுகூர்வர்.

கற்களைப் பற்றிய அறிவியல் வரலாறும் அக்கதைக்குக் குறைந்தது அன்று. மலை கிரானைட் பாறையால் ஆனது. ஆனால் டப்ளின் நகரத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. முன்னொரு காலத்தில் அயர்லாந்தைப் பெரும் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. அவை தாழ்நிலத்துச் சுண்ணாம்புப் பாறைகளைத் தேய்த்து உடைத்து, அச்சரளையை மலையடிவாரம் வரை இழுத்துக்கொண்டு வந்தன. பனி உருகியபொழுது சரளை கிளெனஸ்மோலில் தங்கிவிட்டது. இதனால், புளிப்பு நீர் இறங்கும் மலையின் காலடியிலே சுண்ணாம்பு நிலம் ஒன்று அமைந்தது. சரிவுகளில் ஊறும் சில ஊற்றுகளின் நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கின்றது. நீர் வெளியே வந்து காற்றோடு கலக்கும்பொழுது சுண்ணாம்பு பிரிந்து பாசியின்மேலும் சருகின்மேலும் படிந்து அவற்றைக் கல்லாக்கிவிடுகின்றது. பச்சைப் பாசியின் அடிப்பகுதி கல்லாக, நுனி மட்டும் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் காட்சியை அங்கே காணலாம். அச்சுண்ணாம்புப் புல்வெளிகளில் பலவகை ஆர்கிட் மலர்கள் மலர்கின்றன. அரிய இவ்விடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி பாதுகாக்கப்பட்டுள்ளது.

பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் போஹர்னபிரீனா என்னும் இடத்தில் இரண்டு நீர்த்தேக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. 1880களில் ராத்மைன்ஸ் என்னும் புறநகரின் குடிநீருக்காக அவை கட்டப்பட்டு, 1887இல் முடிவுற்றன. எதற்கு இரண்டு? ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர்ச்சக்கரங்களால் ஓடும் ஆலைகள் பல அக்காலத்தில் இருந்தன. மேலே நீரைத் தடுத்துக் குடிநீராகக் கொண்டுபோனால் ஆலைகள் நின்றுவிடும். ஆகவே மேல்தேக்கம் குடிப்போருக்கு, கீழ்த்தேக்கம் ஆலைகளுக்கு என்று பங்கிட்டனர். பழுப்பு நிறமான பீட் நீர் குடிப்பதற்கு ஏற்றதன்று. அதனைத் தனிக் கால்வாய் ஒன்றில் ஏற்றி, மேல்தேக்கத்தில் கலக்கவிடாமல் பக்கவாட்டில் கொண்டுசென்று கீழ்த்தேக்கத்தில் விட்டனர். தெளிந்த ஓடைகளின் நீர் மட்டும் மேல்தேக்கத்தை நிரப்பியது. ஒரே பள்ளத்தாக்கில் இரு நிற நீரை இரு பயனுக்குப் பிரித்த இவ்வேலை பாராட்டத்தக்கது. ஆலைகள் இன்று இல்லை; ஆனால் டப்ளினின் தென்பகுதிக்கு இங்கிருந்து இன்றும் குடிநீர் செல்கின்றது.

ஆற்றின் நீரை மனிதர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியது அதற்கும் மிக முற்பட்ட காலத்திலேயே ஆகும். டப்ளின் நகரம் லிஃபியின் கரையில் இருந்தும், அவ்வாற்றின் நீர் கடலேற்றத்தால் உவர்த்துப்போவதால் குடிக்க உதவவில்லை. 1244ஆம் ஆண்டில், அயர்லாந்தில் ஆங்கில மன்னனின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த மாரிஸ் ஃபிட்ஜெரால்டு, நகரத்துக்கு எந்த இடத்திலிருந்து நீர் கொண்டுவரலாம் என்று ஆராயுமாறு ஆணையிட்டான். ஃபர்ஹவுஸ் என்னும் இடத்தருகே டாடரின் குறுக்கே தடுப்பணை ஒன்று இருந்தது. அங்கிருந்து வாய்க்கால் வெட்டிப் பாடில் என்னும் சிற்றோடையில் டாடரின் நீரைச் சேர்த்தனர். அவ்வோடை நகருக்குள் ஓடியது. வழியில் படகு வடிவமான கல் ஒன்றை ஓடையின் நடுவே நாட்டி, மூன்றில் ஒரு பங்கு நீர் நகரத்தாருக்கும், எஞ்சியது ஆலைகளின் பக்கமும் செல்லுமாறு பிரித்தனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் டப்ளின் மக்கள் தாகம் தணிந்தது இச்சிற்றாற்றின் நீரால்தான்.

நீர் கொடுத்த ஆறே உயிரையும் கொண்டுபோனது உண்டு. கெரார்டு போட் என்னும் டச்சு மருத்துவர் அயர்லாந்தின் இயற்கையைப் பற்றி எழுதிய நூல் 1652இல் வெளிவந்தது. மழை பெய்தால் இவ்வாறு திடீரெனப் பொங்கி எழும் இயல்பை அவர் அதில் குறித்துள்ளார். ஆற்றைக் கடக்கும்பொழுது வெள்ளத்தில் அகப்பட்ட ஒருவரைப் பற்றியும் எழுதியுள்ளார். இரு கரையிலும் அம்மனிதரின் நெருங்கிய நண்பர்கள் குதிரைமீதும் காலாலும் நின்றிருந்தனராம். ஒருவராலும் கைகொடுக்க இயலவில்லையாம். அதன் பின்னரே அவ்விடத்தில் கற்பாலம் எழுந்தது என்பர். சிற்றாறு என்று எண்ணிக் காலை வைத்தவர் பலர்க்கும் டாடர் கற்பித்த பாடம் அது.

அண்மைக் காலத்தில் 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் 'சார்லி' எனப் பெயரிடப்பட்ட புயலின் எச்சம் அயர்லாந்தைத் தாக்கியது. கிப்பூர் மலையில் ஒரே நாளில் 280 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதாக மதிப்பிட்டனர். நான்கு மாதங்களுக்கு மேலாக நகரம் காணும் மழை, மலைமேல் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்வதற்குள் இறங்கிவிட்டது. நெட்டாறுகளில் வெள்ளம் வரும் செய்தி வெள்ளத்துக்கு முன்னே வந்து சேரும். மக்கள் பொருள்களை எடுத்துக்கொண்டு மேட்டுக்குச் செல்லப் பொழுது இருக்கும். டாடரில் அவ்வாறு இல்லை. மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில் நகரின் தெருவுக்கு வந்துவிடும். அவ்விரவில் கரையை மீறிய நீர் நூற்றுக்கணக்கான வீடுகளுள் புகுந்தது. மீண்டும் 2011 அக்டோபர் மாதத்திலும் ஆறு கரை கடந்தது. 2002 பிப்ரவரியிலோ ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வந்தது. கடல் ஏறி ஆற்றின் வாய்வழியே புகுந்து ரிங்ஸ்எண்ட் பகுதியை மூழ்கடித்தது. மலையும் கடலும் இவ்வளவு அண்மையில் இருப்பதன் பயன் இது. இப்பொழுது ஆற்றின் கீழ்ப்பகுதியில் இரு கரையிலும் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டுள்ளன.

போஹர்னபிரீனாவைக் கடந்தால் ஆறு டாலா, ஃபர்ஹவுஸ், டெம்பிளோக், ராத்ஃபார்னம், மில்டவுன், கிளான்ஸ்கீ, டானிபுரூக், பால்ஸ்பிரிட்ஜ் என்னும் புறநகர்களின் ஊடே செல்கின்றது. மில்டவுன் என்னும் பெயருக்கே 'ஆலையூர்' என்பது பொருள். அங்கே ஒன்பது வளைவுகளோடு உயர்ந்து நிற்கும் பாலத்தின்மேல் 1854 முதல் 1958 வரை புகைவண்டி ஓடியது. நெடுங்காலம் வறிதே நின்ற பாலத்தில் 2004 முதல் மின்சாரத் தொடர்வண்டி செல்கின்றது. டானிபுரூக்கில் 1204இல் அரசாணை பெற்றுத் தொடங்கிய சந்தை, பிற்காலத்தில் குடிக்கும் கைகலப்புக்கும் பேர்போனதாகி, 1855இல் நிறுத்தப்பட்டது. ஆங்கில மொழியில் 'டானிபுரூக்' என்றாலே அமளி என்று பொருள்படும் அளவுக்கு அச்சந்தை புகழ் ஈட்டியிருந்தது!

இத்தனை வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே ஓடும் ஆற்றில் உயிர்கள் எவ்வாறு வாழ்கின்றன என்று ஐயுறுவோர் உளர். விடை ஆற்றின் அடியில் கிடக்கும் கற்களில் உள்ளது. விரைந்தோடும் நீர் கற்களில் மோதிக் காற்றைக் கலந்துகொள்கின்றது. அக்கற்களின் அடியில் எண்ணிறந்த பூச்சிப் புழுக்கள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றுள் ஒருவகைப் புழு, மணலையும் சிறு கற்களையும் தன் வாயிலிருந்து சுரக்கும் நூலால் பின்னிக் குழல் போன்ற வீடு கட்டிக்கொண்டு அதனுள் இருக்கும். இன்னொரு வகை ஓராண்டு வரை நீருள் புழுவாக வாழ்ந்து, சிறகு முளைத்து வெளியேறி, ஒரு நாளோ இரு நாளோ பறந்து, முட்டையிட்டு மடியும். ஆற்றின் உயிர்கள் பலவற்றுக்கும் அடிப்படை உணவு இப்புழுக்களே.

இவற்றைத் தேடி உண்ணும் பறவை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு 'டிப்பர்' என்று பெயர். மைனாவினும் சற்றுச் சிறியது. கரும்பழுப்பு உடலும் தூய வெள்ளை மார்பும் உடையது. ஆற்றின் நடுவே ஒரு கல்லில் நின்று, யாரையோ வணங்குவது போலக் குனிந்து குனிந்து நிமிரும். திடீரென நீருக்குள் நடந்து இறங்கிவிடும். நீரோட்டத்தின் அடியில், கற்களைக் கால்விரல்களால் பற்றிக்கொண்டு, சிறகுகளை அசைத்து நடந்து, புழுக்களைப் பொறுக்கித் தின்னும். அரை நிமிடத்துக்குள் வேறோரிடத்தில் தலை தூக்கும்; அதன் இறகில் ஒரு துளி நீரும் ஒட்டியிராது. வாத்தைப் போல அதற்குத் தோலடிக் கால் இல்லை. நாரையைப் போல நெடுங்காலும் இல்லை. மரக்கிளையில் வாழும் குருவியினத்தைச் சேர்ந்த பறவை, நீருக்கு அடியில் நடக்கக் கற்றுக்கொண்டது. அயர்லாந்தில் வாழும் டிப்பர் தனிவகையாகப் பிரித்து எண்ணப்படுகின்றது. பாலங்களின் அடியிலும் தடுப்பணைகளின் இடுக்கிலும் பாசியால் உருண்டைக் கூடு கட்டும். கொடுங்குளிரிலும் அது பாடும். நீர் கெட்டுப் புழுக்கள் அழிந்தால் டிப்பர் அவ்விடத்தை விட்டு அகன்றுவிடும். ஆகவே ஆற்றின் நலத்தை அறிய விரும்பும் அறிஞர் முதலில் இப்பறவையைத் தேடுவர்.

மீன்கொத்தியும் டாடரில் வாழ்கின்றது. நீல ஒளி ஒன்று நீரின்மேல் கோடு கிழித்தாற்போலப் பறந்து மறையும். செங்குத்தான மண்கரையைக் குடைந்து அதன் கோடியில் முட்டையிடும் வழக்கம் உடையது அது. கரைக்குச் சுவர் எழுப்பினால் மனிதரின் வீடு காக்கப்படும். மீன்கொத்தியின் வீடு இல்லையாகும். சாம்பல் நாரை தடுப்பணையின் விளிம்பில் ஒற்றைக்காலில் நிற்கும். மாலை மங்கியபின் டோபன்டன் வௌவால் நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் பறந்து, கால்களால் பூச்சிகளை வாரிக் கொள்ளும்.

இரவில் வேட்டைக்கு வரும் மற்றொன்று நீர்நாய். தமிழில் வழங்கும் இப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. ஐரிஷ் மொழியில் அவ்விலங்குக்கு 'மத்ரா இஷ்கா' என்று பெயர். 'மத்ரா' நாய், 'இஷ்கா' நீர். இடையே பல கடல்கள் கிடக்க, ஒன்றையொன்று அறியாத இரு மொழியாளரும் ஒரே விலங்கைக் கண்டு ஒரே பெயரை இட்டனர். நீர்நாய் பகலில் வேர்களின் இடையே உள்ள வளையில் உறங்கும். இரவில் பல கிலோமீட்டர் தூரம் ஆற்றில் அலைந்து மீன், விலாங்கு, தவளை ஆகியவற்றைப் பிடித்து உண்ணும். தன் எல்லையை மற்றைய நீர்நாய்களுக்கு அறிவிக்கப் பாறைகளின்மேல் எச்சம் இட்டுச் செல்லும். பகலெல்லாம் மக்கள் நடமாடும் பூங்காக்களின் ஓரமாக, விளக்கொளியில் அது நீந்திச் செல்வதைத் தலைநகரத்து மக்கள் சிலர் கண்டிருக்கின்றனர்.

இனி மீன்களைப் பற்றிச் சொல்லவேண்டும். அயர்லாந்தின் ஆறுகளுக்கு உரிய பழைய மீன்வகைகள் மிகச் சிலவே. பனிக்காலம் நீங்கியபின் அத்தீவைச் சுற்றிலும் கடல் சூழ்ந்துகொண்டது. நன்னீரில் மட்டும் வாழவல்ல மீன்கள் கடலைக் கடந்து வர இயலவில்லை. பாம்பு அங்கே இல்லாமைக்கும் இத்தகைய காரணமே கூறுவர். உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழவல்ல சால்மன், டிரௌட், விலாங்கு போன்றவையே தாமாக வந்து குடியேறின. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை பிற்காலத்தில் மனிதர் கொண்டுவந்து விட்டவை. ஆகவே டாடரின் பழங்குடி மீன்களுக்குக் கடல் என்பது அயலிடம் அன்று. அவற்றின் பழைய வீதி.

பழுப்பு டிரௌட் என்னும் மீனே டாடரில் மிகுதி. உடலெங்கும் கரும்புள்ளியும் செம்புள்ளியும் கொண்ட அழகிய மீன் அது. இவ்வினத்திலேயே சில மீன்கள் கடலுக்குச் சென்று, வெள்ளிநிறம் பெற்று, பருத்துத் திரும்பும். அவற்றைக் கடல் டிரௌட் என்பர். நவம்பர் முதல் சனவரி வரை உள்ள குளிர்காலத்தில் பெண்மீன் தன் வாலால் சரளையைத் தோண்டிக் குழி செய்து முட்டையிட்டு மூடிவிடும். சரளையின் இடைவெளியில் நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு உண்டு. சேறு வந்து அவ்விடைவெளியை அடைத்துவிட்டால் அத்தனை முட்டையும் புதைந்து அழியும். வெள்ளம் சரளையைக் கழுவித் தூய்மையாக்கவும் செய்யும். முட்டைகளோடு அதனைப் பெயர்த்துக்கொண்டு போகவும் செய்யும். முட்டையிட்டபின் வெள்ளம் வருமா, அதற்கு முன்னே வருமா என்பதைப் பொறுத்தது ஓராண்டின் மீன்குடி.

தமிழில் ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்னும் பொருளும் உண்டு. சால்மனுக்கு ஆறு முதலில் வழியே. அது நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, தான் பிறந்த ஆற்றின் மணத்தை நினைவில் வைத்துத் திரும்பி வருகின்றது. டாடரில் அவ்வழி இடையிடையே அடைபட்டுள்ளது. ஆலைகளுக்காகவும் நகரின் குடிநீருக்காகவும் முன்னோர் கட்டிய தடுப்பணைகள் பால்ஸ்பிரிட்ஜ் தொடங்கி ஃபர்ஹவுஸ் வரை படிக்கட்டுப் போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. சக்கரங்கள் நின்றுபோயின, ஆலைகள் இடிந்தன, தடுப்பணைகள் மட்டும் எஞ்சின. சால்மன் துள்ளித் தாண்டுவதில் வல்லது என்பது உண்மை. ஆனால் துள்ளுவதற்குத் தடுப்பணையின் கீழே ஆழமான மடு வேண்டும். நீரும் போதிய அளவு வரவேண்டும். ஆழமற்ற கல்தளத்தில் விழும் மெல்லிய நீரில் அது என் செய்யும்? சிறு அணை ஒன்றைத் தாண்டிய மீன், அடுத்த உயரமான அணையின் அடியில் நாட்கணக்கில் காத்துக் கிடக்கும். அங்கேதான் நாரையும் நிற்கின்றது, நீர்நாயும் வருகின்றது.

தடுப்பணைகளை நீக்கிவிடலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவற்றுள் சில பல நூற்றாண்டுப் பழமை வாய்ந்தவை. நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள். சிலவற்றின் பின்னே தேங்கிய வண்டல் கரைகளைத் தாங்கி நிற்கின்றது. அணையை இடித்தால் அருகிலுள்ள பாலத்தின் அடித்தளம் அரிக்கப்படவும் கூடும். ஆதலின் அணையின் ஓரத்தில் மீன்கள் ஏறுவதற்குப் படிவழி அமைத்தல், பாறைகளை அடுக்கிச் சரிவாக்குதல் முதலிய வழிகளைப் பொறியாளர் நாடுவர். பழமையைக் காப்பதா, உயிர்வழியைத் திறப்பதா என்னும் இவ்வழக்கில் இரு பக்கத்தாரிடத்தும் நியாயம் இருக்கின்றது. ஆயினும் பேச வாயில்லாத பக்கத்துக்காகச் சற்று உரக்கப் பேசுவது தகும்.

கரையிலும் ஒரு தொல்லை வளர்ந்துள்ளது. நம் வீட்டுத் தோட்டங்களில் காணும் காசித்தும்பைக்கு உறவான செடி ஒன்று இமயமலையில் உண்டு. ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து இளஞ்சிவப்பு மலர் பூக்கும் அச்செடியை, 19ஆம் நூற்றாண்டில் தோட்ட அழகுக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றனர். அது தோட்டத்தைவிட்டு வெளியேறி அயர்லாந்தின் ஆற்றங்கரைகளையும் பற்றிக்கொண்டது. முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதைகளைத் தொலைவில் எறியும். ஆற்று நீர் அவற்றைக் கீழே கொண்டுபோய் விதைக்கும். கோடையில் மற்றச் செடிகளை நிழலால் கொன்றுவிட்டுக் குளிர்காலத்தில் தானும் மடிந்துபோகும். அப்பொழுது வேர்ப்பிடிப்பு இல்லாத கரையை வெள்ளம் கரைத்துவிடும். கரைந்த சேறு டிரௌட் முட்டையிட்ட சரளையில் சென்று படியும். இமயத்து மலரின் அழகுக்கு டாடரின் மீன்குஞ்சு விலை கொடுக்கின்றது. ஆண்டுதோறும் கோடையில் தன்னார்வத் தொண்டர்கள் கரையில் இறங்கி அச்செடி காய்க்கும் முன்னரே வேரோடு பிடுங்கி எறிகின்றனர். நகரத்து வீடுகள் சிலவற்றில் கழிவுநீர்க் குழாய்களைத் தவறாக மழைநீர்க் குழாய்களோடு இணைத்துவிட்டமையால், அழுக்கு நீர் நேரே ஆற்றில் கலப்பதும் உண்டு. குழாய் எங்கே பிழையாக இணைந்துள்ளது என்று வீடுவீடாகத் தேடிக் கண்டுபிடிப்பது மிகவும் பொறுமை வேண்டும் வேலையாகும்.

தடுப்பணைகளை ஓரளவு வென்ற மீன் விலாங்கு ஒன்றே. அது பிறப்பது அட்லாண்டிக் பெருங்கடலின் மறுபக்கத்தில் உள்ள சர்காசோக் கடலில். கண்ணாடி போன்ற குஞ்சாக அயர்லாந்தின் கரைக்கு மிதந்து வந்து, ஆற்று வாயில் புகுந்து, மேல்நோக்கி ஏறுகின்றது. செங்குத்தான அணையில் அது துள்ளுவதில்லை. ஓரத்தில் ஈரம் படிந்த பாசியைப் பற்றிக்கொண்டு நெளிந்து நெளிந்து ஏறிவிடுகின்றது. பல ஆண்டுகள் ஆற்றில் வாழ்ந்து வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பி, முட்டையிட்டு, அத்துடன் வாழ்வை முடித்துக்கொள்கின்றது. ஐரோப்பா முழுவதும் விலாங்கின் தொகை பெரிதும் குறைந்துபோனமையால், அயர்லாந்தில் 2009இல் வணிக நோக்கில் அதனைப் பிடிப்பது நிறுத்தப்பட்டது.

பால்ஸ்பிரிட்ஜுக்குக் கீழே டாடரில் கடலேற்றம் தெரியத் தொடங்குகின்றது. லான்ஸ்டவுன் சாலையில் உள்ள பெரிய விளையாட்டரங்கின் அருகே ஆறு அமைதியாகச் செல்கின்றது. முற்காலத்தில் அதன் வாய்ப்பகுதி சேறும் சதுப்புமாக அகன்று கிடந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிராண்டு கால்வாய்த் துறைமுகம் அமைத்த காலத்தை ஒட்டி, அதனை நேரான கரைகளுக்கு நடுவே அடக்கினர். இலையுதிர் காலத்தில், நிலவில்லாத இரவில், மலையில் மழை பெய்து ஆறு பழுப்பாகப் பெருகி வரும்பொழுது, முதிர்ந்து வெள்ளிநிறம் பெற்ற விலாங்குகள் தடுப்பணைகளின்மேல் நீரோடு நீராக வழுக்கி இறங்குகின்றன. கிளெனஸ்மோலின் நீர் ரிங்ஸ்எண்டில் லிஃபியின் நீரோடு கலக்கும் அவ்விடத்தைக் கடந்து, கப்பல்களின் அடியே சென்று, அவை கடலுள் புகுகின்றன.